மறுத்தவரும் மறைத்தவரும்

சென்ற மாதம் நம் பேரன் பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டியில் வீரபாண்டியக் கட்டபொம்மனாக வேஷம் போட்டுக் கொண்டான். ஜரிகைத் துணியில் தலைப்பாகை, அட்டையில் வாள், கண்மையினால் தீட்டிய மீசை எல்லாம் தயாராயின. மேடை ஏறுவதற்குள் மீசையின் ஒரு நுனி வியர்வையில் கரைந்து கழுத்து வரையில் இறங்கிவிட்டது. ஆனாலும் என்ன? "வரி" என்ற சொல்லை அந்த ஏழு வயதுப் பையன் உச்சரித்த வேகத்தில், முன் வரிசையில் வீற்றிருந்த தலைமை ஆசிரியர் நாற்காலியோடு சற்றுப் பின்வாங்கினார். கரகோஷத்துக்குக் குறைவில்லை. முதற் பரிசு நம் பையனுக்குத்தான் என்று நேயர்கள் நினைத்தால் அது தவறு. அன்று மேடைக்கு வந்த கட்டபொம்மன்கள் மொத்தம் நாலு பேர். நம்மவன் மூன்றாவது கட்டபொம்மன்.

பரிசு வாங்கிய உற்சாகத்தில் வேஷத்தைக் கலைக்காமலேயே பையனை அழைத்துக் கொண்டு கடைத்தெருவுக்குப் போனோம். வீட்டுக்கு ஒரு மேஜை விசிறி தேவையாயிருந்தது. கடைக்காரர் விசிறியைச் சுழலவிட்டுக் காட்டினார், விலையைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஸார், பில் போடட்டுமா? பில் என்றால் வரி சேரும். வேண்டாமென்றால் இந்த விலைக்கே எடுத்துக் கொண்டு போகலாம்" என்றார்.

நாம் யோசித்தோம். அரை நிமிஷம் யோசித்தோம் என்று சொல்லிக் கொள்ள ஆசைதான். உண்மையில் அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. "பில் எதற்கு? வேண்டாம்" என்றோம். 300 ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சமாயிற்று.

அட்டை வாளை ஊன்றிக் கொண்டு நின்ற கட்டபொம்மன் கேட்டான்: "தாத்தா! நாமும் வரி கட்ட மாட்டோமா?"

கடைக்காரர் சிரித்தார். நாமும் சிரித்தோம். பையன் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் இப்போது வரி கேட்கிற ஜாக்ஸன் துரை யார், தாத்தா?" என்றான்.

இந்தக் கேள்விக்கு அன்று நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. விசிறியைத் தூக்கிக் கொண்டு வீட்டுக்கு வந்து, அதன் காற்றிலேயே உட்கார்ந்து யோசித்தோம். நாம் பார்த்த படங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. வரி கட்டாதவன் ஒரு படத்தில் கதாநாயகன். இன்னொரு படத்தில் வில்லன். ஒருவனுக்கு மாலை போடுகிறோம். மற்றவன் வீட்டுச் சுவரை இடிக்கும்போது சீட்டியடிக்கிறோம். இரண்டு பேரும் செய்த காரியம் ஒன்றுதானே? ஏன் இந்த வித்தியாசம்?

* * *

பையனுக்கு வசனம் கொடுத்த படத்திலிருந்தே தொடங்குவோம். 1959-ஆம் ஆண்டில் பி. ஆர். பந்துலு தயாரித்து டைரக்ட் செய்த "வீரபாண்டிய கட்டபொம்மன்" படத்துக்கு வசனம் எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. சிவாஜி கணேசன் கட்டபொம்மன், ஸி. ஆர். பார்த்திபன் ஜாக்ஸன் துரை. மறு வருஷம் கெய்ரோவில் நடந்த ஆசிய - ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் என்ற பரிசு கிடைத்தது. ஜாக்ஸனும் கட்டபொம்மனும் சந்திக்கும் அந்தக் காட்சியை மனப்பாடம் செய்யாத தமிழ்ப் பிள்ளை அந்தத் தலைமுறையில் அபூர்வம். வரி கொடுக்க மறுப்பது என்றால் இப்படி நெஞ்சை நிமிர்த்திக் கொண்டு மறுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுக்கே அந்தப் படம் பாடம் நடத்தியது.

சரித்திரத்தைப் புரட்டினால் விஷயம் இன்னும் சுவாரஸ்யமாக இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபு தம் கடன் தொல்லையினால் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். 1798-ஆம் வருஷம் மே மாத முடிவில் பாஞ்சாலங்குறிச்சியின் பாக்கி 3,310 பகோடா என்பது கம்பெனியின் கணக்கு. கலெக்டர் ஜாக்ஸன் கட்டபொம்மனை வரச் சொல்லி உத்தரவிட்டார். ஆனால் போன இடத்தில் பேட்டி கொடுக்கவில்லை. கலெக்டர் ஊர் ஊராகப் போக, பாளையக்காரர் பின்னாலேயே போக, கடைசியில் செப்டம்பர் மாதம் இராமநாதபுரத்தில்தான் சந்திப்பு நேர்ந்தது. அங்கே கணக்கைச் சரி பார்த்தார்கள். பாக்கியில் பெரும் பகுதி ஏற்கனவே செலுத்தியாகிவிட்டது என்றும், நின்றது 1,080 பகோடாதான் என்றும் தெரிந்தது!

ஆக, சண்டை மூண்டது பணத்தினால் மட்டுமல்ல. கணக்குச் சரியாயிருந்தும் ஒரு பாளையக்காரரை மணிக்கணக்கில் நிற்க வைத்துப் பேசி, கைது செய்யவும் முயன்ற துரைத்தனத்தினால் மூண்டது. இராமநாதபுரம் கோட்டை வாசலில் கைகலப்பு நேர்ந்தது. லெப்டினண்ட் கிளார்க் மாண்டார். அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். கட்டபொம்மன் சென்னைக்கு முறையீடு அனுப்பினார். விசாரணை நடந்தது, ஜாக்ஸனுடைய உத்தியோகம் போயிற்று. ஆயினும் ஒரு வருஷத்துக்குள் பானர்மன் படையோடு வந்தார். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள்.

படத்தில் கேட்கும் முழக்கத்தைவிட இராமநாதபுரத்தில் விரித்து வைத்த அந்தக் கணக்குப் புத்தகம்தான் நமக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. கட்டபொம்மன் ஒளித்து வைத்தவர் அல்ல. கணக்கைக் காட்டிவிட்டு, அவமரியாதையை எதிர்த்து நின்றவர்.

* * *

இதே சரக்கை 2001-ஆம் வருஷம் ஆசுதோஷ் கோவாரிக்கர் "லகான்" என்ற ஹிந்திப் படத்தில் கிரிக்கெட் மட்டையோடு சேர்த்துக் கொடுத்தார். படத்தின் பெயரே நிலவரி என்றுதான் பொருள்படும். கதை நடப்பது 1893-இல். ஊர் கற்பனை ஊர். மழை பொய்த்த வருஷத்தில் இரட்டை வரி கேட்கிறான் காப்டன் ரஸ்ஸல். பந்தாட்டத்தில் ஜயித்தால் மூன்று வருஷத்துக்கு வரி இல்லை. தோற்றால் மூன்று மடங்கு வரி என்று பந்தயம் வைக்கிறான். மூன்றே முக்கால் மணி நேரம் கிராமத்து ஜனங்களோடு நாமும் மட்டை பிடித்துக் களைத்துப் போகிறோம். ஆஸ்கார் பரிசுக்கான கடைசி ஐந்து அயல்மொழிப் படங்களில் ஒன்றாக நின்ற படம்.

கதை கற்பனையானாலும் அடிப்படை கற்பனையல்ல. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பிடிவாதமாக வரி கேட்ட சர்க்காரை இந்த நாடு கண்டிருக்கிறது. 1918-இல் கேடாவிலும், 1928-இல் பர்தோலியிலும் குடியானவர்கள் வரி கொடுக்க மறுத்தார்கள். பர்தோலிக்குத் தலைமை தாங்கினார் வல்லபபாய் படேல். அங்கே கிரிக்கெட் பந்தயம் நடக்கவில்லை. மாடும் பாத்திரமும் ஜப்தியாயின, நிலம் ஏலத்துக்குப் போயிற்று, குடியானவர்கள் அசையவில்லை. கடைசியில் விசாரணைக் குழு அமைந்து, 22 சதவிகிதம் உயர்த்திய வரியைச் சுமார் 6 சதவிகித உயர்வாகக் குறைத்தது.

1982-இல் ரிச்சர்ட் அட்டன்பரோ எடுத்த "காந்தி" படத்தின் சிகரமான கட்டமும் ஒரு வரியைப் பற்றியதுதான். 1930-ஆம் வருஷம் மார்ச்சு 12-ஆம் தேதி சபர்மதியிலிருந்து புறப்பட்ட கால்நடை, ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பில் முடிந்தது. அதே ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. காந்திஜி உப்பை அள்ளுவதற்கு முன் வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதினார். "இன்ன தேதியில் இன்ன சட்டத்தை மீறப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மீறியவர்கள் சிறைக் கதவு திறந்தபோது உள்ளே போனார்கள். ஒருவரும் உப்பை மடியில் முடிந்து கொண்டு இருட்டில் ஓடவில்லை.

மறுத்தல் வேறு, மறைத்தல் வேறு. தமிழில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். வாழ்க்கையில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

* * *

சுயராஜ்யம் வந்த பிறகு திரையில் இடமாற்றம் நிகழ்ந்தது. வரி கேட்கிறவன் வில்லனாயிருந்த இடத்தில், வரி கட்டாதவன் வில்லனாக வந்து உட்கார்ந்தான். மாற வேண்டிய மாற்றந்தான். ஏனென்றால் கஜானா கைமாறிவிட்டது.

2018-இல் ராஜ்குமார் குப்தா எடுத்த "ரெய்ட்" என்ற ஹிந்திப் படம் 1981-இல் நடப்பதாக அமைந்த கதை. யாரோ பெயர் எழுதாத ஒருவரிடமிருந்து கடிதம் வருகிறது. நேர்மையான வருமான வரி அதிகாரி ஒரு பெரிய மனிதரின் மாளிகைக்குள் நுழைகிறார். முதலில் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு மாளிகையின் சுவரும் கூரையும் மாடிப்படியும் வாயைத் திறக்கின்றன, தங்கம் கொட்டுகிறது. துப்பறியும் கதைக்கு வேண்டிய அத்தனை ருசியும் இதில் இருக்கிறது. கொலைக்குப் பதில் கணக்கு. பிணத்துக்குப் பதில் பொன்!

அதைவிடக் கெட்டிக்காரத்தனமான கதை 2013-இல் வெளிவந்த "ஸ்பெஷல் 26". 2018-இல் "தானா சேர்ந்த கூட்டம்" என்று தமிழில் சூர்யாவை வைத்து எடுத்ததும் அதே கதைதான். 1987-இல் பம்பாய் நகைக் கடை ஒன்றில் உண்மையாகவே நடந்த மோசடியிலிருந்து பிறந்தது. சில பேர் அதிகாரிகள் போல் வேஷம் போட்டுக் கொண்டு கள்ளப் பணக்காரர் வீட்டில் புகுந்து சோதனை போட்டு, உள்ளதையெல்லாம் மூட்டை கட்டிப் போகிறார்கள். பறிகொடுத்தவர் போலீஸுக்குப் போவாரா? போனால், "இவ்வளவு பணம் உமக்கு எங்கிருந்து வந்தது?" என்றல்லவா முதற் கேள்வி வரும்? திருடனுக்குத் தேள் கொட்டியது போல் வாயைப் பொத்திக் கொள்கிறார். மறைத்த பணத்தின் லட்சணத்தை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. அது இருக்கிறது, ஆனால் அதற்குச் சொந்தக்காரன் இல்லை.

2007-இல் ஷங்கர் டைரக்ட் செய்த "சிவாஜி" படம் இந்த விஷயத்தில் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. ரஜினிகாந்த் ஏழைகளுக்கு இலவச ஆஸ்பத்திரியும் கல்லூரியும் கட்ட நினைக்கிறார். லஞ்சம் அவரைத் தெருவில் நிறுத்துகிறது. உடனே அவர் ஊரிலுள்ள கள்ளப் பணக்காரர்களை மிரட்டிப் பணத்தைப் பறித்து, அதைக் கடல் கடந்து அனுப்பி, நன்கொடை என்ற பெயரில் வெளுத்துத் திரும்பக் கொண்டு வருகிறார். சீட்டி ஒலியில் கொட்டகை அதிர்ந்தது. நாமும் சேர்ந்துதான் கைதட்டினோம். ஆனால் பறித்த பணத்தில் ஒரு காசாவது கஜானாவுக்குப் போயிற்றா? பெட்டி மாறியதே தவிரக் கணக்கு மாறவில்லை. நல்ல மனிதர் ஒருவர் கையில் கிடைத்தால் கள்ளப் பணமும் நல்ல பணமாகிவிடும் என்ற எண்ணம் பார்க்க இனிக்கும், நாட்டுக்கு உதவாது.

* * *

கடல் கடந்தும் ஒரு நடை போய் வருவோம்.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தைக் கைக்குள் வைத்திருந்த அல் கபோனைக் கொலைக்காகவோ சாராயத்துக்காகவோ ஒருவராலும் பிடித்து வைக்க முடியவில்லை. 1927-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சட்டவிரோதமாகச் சம்பாதித்த வருமானத்துக்கும் வரி உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தக் கயிறு 1931-இல் கபோனின் கழுத்தில் விழுந்தது. 11 வருஷச் சிறைத் தண்டனை. 1987-இல் பிரையன் டி பால்மா எடுத்த "தி அன்டச்சபிள்ஸ்" படத்தில், துப்பாக்கிக்காரர்கள் நடுவே மூக்குக் கண்ணாடியோடு வரும் ஒரு கணக்கர்தான் அந்த யோசனையைச் சொல்கிறார். உண்மையிலும் கபோனை வீழ்த்தியவை பேரேடுகளே. குமாஸ்தாக்களுக்கு இப்படி ஒரு வீரப் படம் கிடைத்ததில் நமக்குப் பரம திருப்தி.

அதே 1987-இல் ஜப்பானில் ஜூஸோ இதாமி ஒரு படம் எடுத்தார். "மாருஸா நோ ஒன்னா" என்று பெயர். வரி இலாகாவின் சோதனைப் பிரிவுக்கு அங்கே "மாருஸா" என்று செல்லப் பெயராம். அந்தப் பிரிவுக்கு உயரும் பெண் அதிகாரிதான் கதாநாயகி. நடித்தவர் இதாமியின் மனைவி நொபுகோ மியாமோட்டோ. இதாமியின் முதல் படம் பெரும் வெற்றியடைந்து, லாபத்தில் பெரும் பங்கை வரி இலாகா கொண்டு போனபோதுதான் இந்த விஷயத்தில் அவருக்கு அக்கறை பிறந்ததாம். கோபித்துக் கொண்டு உட்காராமல் அதையே கதையாக்கிவிட்டார்! இப்படத்தில் பெரிய திருடன் ஒருவன் இருக்கிறான், விடுதி நடத்துகிறவன். ஆனால் அவனுக்கு முன்னால் அந்தப் பெண் ஒரு சின்ன மளிகைக் கடைக்குப் போகிறாள். கடை நடத்தும் வயோதிகத் தம்பதிகள் கடைச் சரக்கை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்; அது கணக்கில் ஏறவில்லை. அதையும் கேட்கிறாள். அவர்களைப் பார்க்க நமக்குப் பரிதாபமாயிருக்கிறது. உள்ளூரச் சற்று உறுத்தவும் செய்கிறது.

ஏன் உறுத்துகிறது? நம் படங்களில் வரி ஏய்ப்பவன் எப்போதும் மாளிகையில் வசிக்கிறான். சுவருக்குள் பொன் வைத்திருக்கிறான். நம் வீட்டுச் சுவரில் செங்கலைத் தவிர ஒன்றுமில்லை. ஆகையால் நாம் யோக்கியர்கள் என்று நிம்மதியாக வீடு திரும்புகிறோம். ஜப்பானியப் படமோ மளிகைக் கடையிலிருந்து தொடங்குகிறது. நாம் மாதச் சம்பளக்காரர்கள். சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துக் கொள்கிறார்கள். ஒளிக்க வழியில்லாத இடத்தில் ஒளிக்கவில்லை, அவ்வளவுதான். வீடு வாங்கும்போது பத்திரத்தில் எழுதுவது ஒரு விலை, கொடுப்பது ஒரு விலை. வாடகையில் பாதிக்கு ரசீது உண்டு, பாதிக்கு இல்லை. போகட்டும், கள்ளப் பணத்தை ஒழிக்கும் கதாநாயகனை முதல் நாளே தரிசிப்பதற்காக, சீட்டில் அச்சிட்ட விலையைப் போல் இரண்டு மடங்கு கொடுத்து உள்ளே போகிறோமே, அந்த உபரிப் பணம் எந்தக் கணக்கில் ஏறுகிறது? படம் தொடங்குவதற்கு முன்பே கதைக்கு நாம் உதவி செய்துவிட்டோம்!

"கட்டுகிற வரிக்கு என்ன கிடைக்கிறது? மழை பெய்தால் தெருவில் இறங்க முடிகிறதா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1938-இல் பிராங்க் காப்ரா எடுத்து, சிறந்த படம் என்ற ஆஸ்கார் பரிசும் பெற்ற "யூ கான்ட் டேக் இட் வித் யூ" என்ற படத்தில் ஒரு தாத்தா வருகிறார். பல வருஷமாக வருமான வரி கட்டாதவர். தேடி வந்த அதிகாரியிடம், "என் பணத்தை வாங்கி என்ன செய்வீர்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவரைத் திணற அடிக்கிறார். சிரித்துச் சிரித்து நமக்கு வயிறு வலித்தது. ஆயினும் அந்தத் தாத்தாவிடம் ஒரு நேர்மை உண்டு. அவர் கதவைச் சாத்திக் கொள்ளவில்லை. அதிகாரியை உட்கார வைத்து, முகத்துக்கு நேரே கேட்டார். ஜாக்ஸனிடம் கேட்ட கேள்விக்குக் கயத்தாறு பதிலாயிற்று. இன்று கேட்பதற்கு நமக்கு வோட்டு இருக்கிறது, சட்டசபை இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. பில் இல்லாமல் விசிறி வாங்கியவன் அந்தக் கேள்வியை எந்த வாயால் கேட்பான்? தேள் கொட்டிய திருடனின் கதைதான்.

* * *

மறுநாள் மாலை பையனையும் அழைத்துக் கொண்டு அதே கடைக்குப் போனோம். "நேற்று வாங்கிய விசிறிக்குப் பில் வேண்டும், வரியையும் சேர்த்துப் போடுங்கள்" என்றோம்.

கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கள் வரி ஆபீஸில் இருக்கிறீர்களா, ஸார்?" என்றார், சற்றுக் கலவரத்துடன்.

"இல்லை ஐயா. இவன் கேட்கிறான்" என்று பையனைக் காட்டினோம்.

முணுமுணுத்துக் கொண்டேதான் பில் போட்டார். 300 ரூபாய்க்குச் சற்று மேல் எண்ணி வைத்தபோது, உள்ளதைச் சொன்னால், நமக்கும் கை கொஞ்சம் கூசத்தான் செய்தது. வாசலுக்கு வந்ததும் பையனிடம், "நேற்று ஒன்று கேட்டாயே, இப்போது வரி கேட்பது ஜாக்ஸன் துரை அல்லடா. அவர் போய் வெகு காலமாகிவிட்டது. இப்போது கேட்பவர்களும் நாம்தான், கொடுப்பவர்களும் நாம்தான்" என்றோம்.

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "கட்டபொம்மன் பில் வைத்திருந்தாரா, தாத்தா?" என்றான்.

"கணக்கு வைத்திருந்தார். அதனால்தான் அவரால் அவ்வளவு உரக்கப் பேச முடிந்தது" என்றோம்.

பையன் பில்லை நம் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக் கொண்டான்.